அக்கட்டப் பார்க்கிற நாய்

ஒரு நாயை ‘வாங்க, போங்க’ என்று கூப்பிட்ட மனுஷியை என் ஆயுசில் நான் ஒருத்தியைத்தான் பார்த்திருக்கிறேன். கருமத்தம்பட்டியில் ரங்கராஜ் அண்ணனின் தறிக்குடோனில் தார் சுற்றிக்கொண்டிருந்த மாசாணியம்மாள்தான் அவள். தறியில் ஓடுகிற நாடாவுக்குள் வைக்கும் குச்சியில் நூல் சுற்றிக் கொடுப்பதைத்தான் தார் சுற்றுவது என்போம். அதே குடோனில் நான் தறி ஓட்டினேன். தொண்ணூற்று நான்காம் வருஷம் அது.

வயதில் என்னைவிடப் பெரியவள் என்பதால் நான் அவளை அக்கா என்பேன். அவளோ என்னை அண்ணா என்பாள். இரண்டு பேரில் யார் மூத்தவர் என்று வெளியாள் கேட்டால் குழம்பிப் போவார். எங்கள் ஊர்ப்பக்கம் மரியாதைக்கு வயசுக் கணக்கெல்லாம் கிடையாது. மாசாணியக்கா ஆனைமலைப் பக்கத்திலிருந்து வந்தவள். சின்ன வயதிலிருந்து அடுத்தவர் தோட்டத்தில் களை எடுத்தும் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்தும் வளர்ந்தவள். புருஷன் மஞ்சள்காமாலையில் போன பிறகு, தெரிந்த ஒருவர் சொல்லி இங்கே வந்து சேர்ந்தாள். குடோனை ஒட்டியிருந்த லைன் வீட்டில் கடைசி அறை அவளுடையது.

வேலையில் குறை சொல்ல முடியாது. ஒரே ஒரு விஷயம்தான் ஆரம்பத்தில் எங்களுக்கு உறுத்தியது. டீ வந்தால் தறிகளை நிறுத்திவிட்டு எல்லோரும் நடுவில் வட்டமாக உட்காருவோம். மாசாணியக்கா மட்டும் தன் டம்ளரையும் வர்க்கி பிஸ்கட்டையும் எடுத்துக்கொண்டு தார் மிஷின் பக்கம் போய், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். முதுகு எங்கள் பக்கம் இருக்கும். “எங்களோட உக்காந்தா கௌரவம் கொறஞ்சு போயிருமாட்ட இருக்குது” என்று நானே ஒரு நாள் சத்தமாகச் சொன்னேன். எங்களில் மூத்த தறிக்காரரான செங்கோடன்தான், “அவிய சுபாவம் அப்படிங்க, உடுங்க” என்று அடக்கினார். அதற்குப் பிறகு அது எங்கள் கண்ணில் படுவதே நின்றுபோயிற்று. தினமும் பார்க்கிற எதையும் மனிதன் பார்ப்பதில்லை.

நாய் வந்த கதைக்கு வருகிறேன். ரங்கராஜ் அண்ணனுக்கு வால்பாறை எஸ்டேட்டில் ஒரு சிநேகிதர். ‘சுத்தமான அல்சேஷன்’ என்று சொல்லி அவர் ஒரு குட்டியைக் கொடுத்தனுப்பினார். அதற்கு ஒரு காது நிமிர்ந்து நிற்கும், இன்னொன்று தொங்கும். சுத்தமெல்லாம் அந்த நிமிர்ந்த காதோடு சரி. சீசர் என்று பெயர் வைத்து, எருமைப்பாலும் எலும்பும் ஊற்றி ஊற்றி, போட்டுப் போட்டு வளர்த்தார்கள். வந்த வாரமே கழிச்சல் ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்குப் புதிதாக மொசைக் போட்டிருந்த நேரம். அண்ணனின் சம்சாரம் ராசாத்தாள் கொஞ்ச நாள் பொறுத்தார். பிறகு ஒரு காலையில் குட்டியைச் சங்கிலியோடு கொண்டுவந்து குடோன் கதவில் கட்டிவிட்டு, “இத அள்ளறதுக்கா நான் வாக்கப்பட்டு வந்தேன்?” என்று பொதுவாகக் கேட்டுவிட்டுப் போனார். 

மாசாணியக்காதான் எழுந்து போய்ச் சங்கிலியை அவிழ்த்தாள். தார் மிஷின் ஓரத்தில் கழிவுநூலைப் பரப்பி மெத்தை மாதிரி செய்தாள். “வாங்க சாமி, இக்கட்ட வாங்க. படுத்துக்குங்க” என்றாள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “ஏனுங்கக்கா, நாய்க்கெல்லாமா மரியாதை?”

“மொதலாளி ஊட்டு நாயிங்கண்ணா. நான் எப்படிங்க வாடான்னு கூப்பிடறது?” என்றாள். அவள் சிரிக்கவில்லை. நிஜமாகவே யோசித்துத்தான் சொன்னாள்.

குட்டிக்கு இடம் பிடித்துப்போனது. தறிச்சத்தத்தில் மிரண்டு ஓடும் என்று நினைத்தேன். அந்த இரைச்சலில் அது நிம்மதியாகத் தூங்கியது. வயிறு மட்டும் அடங்கவில்லை. ஆடி மாதத்தில் ஒரு நாள், ஈரோட்டு வியாபாரிக்கு அனுப்ப மடித்து அடுக்கியிருந்த காடாத் துணியின் மேல் போய் அது காரியத்தை முடித்துவிட்டது. அவ்வளவு பெரிய குடோனில் அதற்கு வேறு இடமே தெரியவில்லை போலும். அந்தத் துணியை வெளுத்து எடுப்பதற்குள் பட்டபாட்டை நான் சொல்லவேண்டியதில்லை.

ரங்கராஜ் அண்ணன் லேசில் கோபப்படுகிறவர் இல்லை. அன்றைக்குப் பட்டார். நேராக மாசாணியக்காவிடம் வந்து, “இங்க பாரம்மணி, ஆயுத பூசைக்கு வியாபாரிக எல்லாரும் இங்க வருவாங்க. அது வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள இதுக்கு வயிறு நிக்கலைன்னா, கோயமுத்தூர் போற லோடு வண்டியில ஏத்தி உக்கடம் குளத்து மேட்டுல எறக்கி உட்டுருவேன். அப்புறம் என்னையச் சொல்லக் கூடாது” என்றார்.

உக்கடம் குளத்து மேட்டில் அப்போது நாய்க்கூட்டம் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மீன் கழிவுக்குச் சண்டை போட்டுச் சண்டை போட்டு உரமேறிய நாய்கள். எருமைப்பால் குடித்தே சுருண்டு விழுகிற இந்தக் குட்டி அங்கே எத்தனை நாள் தாங்கும்? மாசாணியக்கா துணியை அலசிப் போட்டுவிட்டு என்னிடம் வந்தாள். “ஏனுங்கண்ணா, உங்க வண்டியில சித்தெ மாட்டாஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோய் உடறீங்களா?”

என்னிடம் ஒரு பழைய மொபெட் இருந்தது. குட்டியை நூல் சாக்கில் போட்டு, தலையை மட்டும் வெளியே விட்டு, மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். எனக்கு நாய் என்றால் ஒத்துக்கொள்ளாது. பிறகு ஏன் போனேன் என்றால், வேறென்ன, வேடிக்கை பார்க்கிற புத்திதான். மாட்டுக்கு வைத்தியம் பார்க்கிறவர் நாய்க்கு என்ன செய்வார் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

டாக்டர் நல்ல மனிதர். நாள் முழுக்க சினை மாடுகளோடு மல்லுக்கட்டியவருக்கு ஒரு நாய்க்குட்டியைப் பார்த்ததில் சந்தோஷம். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பூச்சிக்கு மருந்து கொடுத்தார். “நோய் ஒண்ணுமில்லீங்கம்மா. சில பேருக்கு வயிறு நோஞ்சானா இருக்குமில்ல, அது மாதிரிதான். ஒரே சாப்பாடு, ஒரே நேரம், ஒரே கை. புதுசா எதாச்சும் குடுக்கறதா இருந்தா விரல் நுனியளவு குடுத்துப் பாத்துட்டு அப்புறம் கூட்டுங்க. பாலு, எலும்பு, எண்ணெய், காரம் எதுவும் ஆகாது. தேறி வர்றதுக்குக் கொஞ்சம் மாசம் பிடிக்கும்” என்றார். அவள் ஒவ்வொன்றுக்கும் “சரிங்க, சரிங்க” என்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் அறையில் இரண்டு அடுப்பு எரிந்தது. ரேஷன் அரிசியைக் குழைய வேகவைத்து, ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டு, பரங்கிக்காயை, எங்கள் பக்கம் அரசாணிக்காய் என்போம், அவித்து மசித்துக் கலப்பாள். பஸ் ஸ்டாப் பக்கத்தில் கோழிக்கடை வைத்திருந்த ஷாநவாஸ் பாய் கழுத்துத் துண்டுகளை எடுத்து வைத்திருப்பார். அதை உப்பில்லாமல் வேகவைத்து, முள்ளு முள்ளாக எலும்பை விரலால் தடவித் தடவி எடுத்துவிட்டுக் கறியை மட்டும் பிசைவாள். தனக்கு ஒரு அரிசிம்பருப்புச் சோறு. எடுத்து வைத்துப் பார்த்தால் நாயின் தட்டில்தான் பக்குவம் அதிகம்.

ஒவ்வொரு வாரமும் ஒரு புதுப் பண்டத்தை விரல் நுனியில் வைத்துக் கொடுத்துப் பார்ப்பாள். மறுநாள் விடிந்ததும் வேலியோரம் போய், சோசியர் கட்டத்தைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்ப்பாள். முட்டை ஒத்துக்கொண்டது. தயிர் ஒத்துக்கொண்டது. கொள்ளு ஒத்துக்கொள்ளவில்லை, அன்றைக்குத் தார் மிஷின் பக்கம் யாரும் போகமுடியவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், கொஞ்ச நாளில் குடோன் முழுக்க இந்த ஆராய்ச்சியில் இறங்கிவிட்டது. தறி ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவர் கத்தினாலும் காதில் விழாது. அதனால் எங்களுக்குள் எல்லாம் கைச்சாடைதான். விரலை உதட்டில் வைத்தால் டீ. கையைத் திருகினால் தறியை நிறுத்து. உள்ளங்கையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் அக்கட்டப் போ, அந்தப் பக்கம் தள்ளு என்று அர்த்தம். இப்போது இரண்டு புதுச் சாடை சேர்ந்தது. காலையில் நான் புருவத்தை உயர்த்திக் கேட்பேன். அவள் தூரத்திலிருந்து முஷ்டியைக் காட்டினால் கெட்டி. விரித்த கையை ஆட்டினால் கழிச்சல். அந்த முஷ்டி தறிக்குத் தறி தாவி, கடைசித் தறிக்காரர் வரைக்கும் போய்ச் சேரும். வெளியாள் பார்த்தால் சங்கம் வைத்துப் போராடுகிறோம் என்றுதான் நினைப்பான்.

ஆனால் ஒன்று புரியவில்லை. அதே அரிசி, அதே அரசாணிக்காய், அதே கை. அப்படியிருந்தும் சில நாள் முஷ்டி, சில நாள் விரித்த கை. கழிவுநூலை நக்குகிறது, நூலில் ஏற்றிய கஞ்சிதான் காரணம் என்றார் செங்கோடன். அவள் மெத்தையை எடுத்துவிட்டு அதற்குச் சாக்குப் போட்டாள். மாற்றம் இல்லை. தண்ணீராக இருக்கும் என்று ஒருவர் சொன்னார். காய்ச்சி ஆற்றிக் கொடுத்தாள். அப்போதும் இல்லை. புரட்டாசி நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் முகம் சுண்டிப்போயிற்று.

எனக்கு இந்த மாதிரி ஒரு முடிச்சு கிடைத்தால் அவிழ்க்காமல் தூக்கம் வராது. யோசித்துக்கொண்டே தறி ஓட்டினேன். ஒரு நாள் பளிச்சென்று ஒன்று பட்டது. ஞாயிற்றுக்கிழமை குடோனுக்கு லீவு. திங்கள் காலையில் மட்டும் எப்போதுமே முஷ்டிதான்! அப்படியென்றால் கோளாறு அவளிடம் இல்லை, எங்களிடம் இருக்கிறது.

அன்றைக்கு டீ வேளையில் வட்டத்தில் உட்கார்ந்து சீசரை மட்டும் கவனித்தேன். டீ வந்த போசிப் பாத்திரத்தின் மூடி திறந்த சத்தம் கேட்டதும் வந்துவிட்டது. நடுவில் உட்கார்ந்து, நிமிர்ந்த காதும் தொங்கிய காதுமாக ஒவ்வொருத்தர் வாயையும் மாறிமாறிப் பார்த்தது. குரைக்கவில்லை, கெஞ்சவில்லை, கிட்ட வரவில்லை. வெறுமனே பார்த்தது. செங்கோடன் போண்டாவின் ஓரத்தைப் பிய்த்துப் போட்டார். அடுத்தவர் தேங்காய் பன்னில் ஒரு விள்ளல். அடுத்தவர் வர்க்கி. யாரும் பேச்சை நிறுத்தவில்லை, நாய்ப்பக்கம் திரும்பக்கூட இல்லை. கை மட்டும் தானாகப் போய்ப் போட்டுவிட்டு வந்தது. என் கையில் இருந்த வர்க்கியைப் பார்த்தேன். அதிலும் ஒரு மூலையைக் காணோம்.

“அட, நீங்களெல்லாம் சேர்ந்துதான் அதக் கொல்றீங்களா?” என்று கத்தினேன், என்னையும் சேர்த்துத்தான்.

செங்கோடனுக்கு ரோசம் வந்துவிட்டது. “ஒரு துணுக்குதானுங்க போடறேன். அது அப்படிப் பாத்துட்டு உக்காந்திருக்கறப்ப, குடுக்காம எப்படிங்க திங்கறது? அப்புறம் எனக்கில்ல வயித்த வலிக்கும்?”

இதுதான் விஷயம். வாய் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு முன்னால் ஒன்றும் கொடுக்காமல் தின்றால் தின்றது செரிக்காது, கண் பட்டு வயிற்றை வலிக்கும் என்பது எங்கள் பக்கம் பால்குடி மறந்த நாளிலேயே காதில் ஓதிவிடுகிற பாடம். நம்புகிறோமா என்று கேட்டால் யாரும் நேராகப் பதில் சொல்லமாட்டார்கள். கை மட்டும் போட்டுவிடும். ஆக, எங்கள் வயிறு வலிக்காமல் இருப்பதற்காக ஆளுக்கொரு துணுக்கு அதன் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது.

விஷயம் தெரிந்ததும் மாசாணியக்காவுக்கு யார்மேலும் கோபம் வரவில்லை. எனக்குத்தான் வந்தது, அவளுக்கு ஏன் வரவில்லை என்பதிலும் வந்தது. “போடாதீங்கன்னு சொல்லுங்கக்கா” என்றேன். “நல்ல மனசோட குடுக்கறாங்க. அதப் போயி எப்படிங்கண்ணா வேண்டாங்கறது? நாயிதான் வேண்டாங்கோணும்” என்றாள்.

வேறு கை கொடுத்தால் தின்னக்கூடாது என்று நாயைப் பழக்குவதாக அவள் திட்டம். நாங்கள் ஒவ்வொருவரும் ஒரு துண்டை நீட்டவேண்டும். அது வாயைக் கொண்டுவந்ததும் கையை மூடிக்கொள்ளவேண்டும். நாலு முறை ஏமாந்தால் தானாக விட்டுவிடும், அப்போது அவள் தன் கையால் அவித்த அரசாணிக்காய்த் துண்டு ஒன்று கொடுப்பாள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. முதல் ஆள் செங்கோடன். நீட்டினார். சீசர் மூக்கை நீட்டியது. அவர் கை மூடவே இல்லை. வர்க்கி போய்விட்டது.

“மடக்குங்கன்னா, மடக்க மாட்டேங்கறீங்களே!” என்றேன்.

“நீட்டுன கைய எப்படிங்க மடக்கறது? அது பாவமில்லீங்களா?” என்றார் கண் கலங்க. அடுத்தவரும் அப்படித்தான். எனக்கு வந்த முறையில் நான் மடக்கினேன். மடக்கிவிட்டு, அது என்னைப் பார்த்த பார்வையில், அன்று சாயங்காலம் வரைக்கும் எனக்கு வயிறு என்னவோபோல் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன். மறுநாள் காலையில் மாசாணியக்கா இரண்டு கையையும் விரித்து ஆட்டினாள். நாய்க்குப் பழக்குவது சுலபம், எங்களுக்குப் பழக்குவது நடக்காது என்று அன்றைக்குத் தெரிந்துபோயிற்று.

அதற்குப் பிறகு சில நாள் அவள் தார் சுற்றிக்கொண்டே எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு டீ வேளையில், சீசர் எங்கள் வட்டத்துக்கு வருவதற்குள் அதைத் தன் மூலைக்கு அழைத்துப்போனாள். தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். அது எங்கள் பக்கம் திரும்பியதும், ஆள்காட்டி விரலை அதன் தாவாய்க்கு அடியில் கொடுத்து, மெதுவாக முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

“அக்கட்டப் பாருங்க சாமி” என்றாள். உள்ளங்கையைப் பக்கவாட்டில் நகர்த்திக் காட்டினாள், தறியடியில் நாங்கள் காட்டுகிற அதே சாடை.

அது சுவரைப் பார்த்த அந்த நொடியில், சுவரோரமாகவே அவள் கை வந்து அரசாணிக்காயைக் கொடுத்தது. மறுபடி இங்கே திரும்பியது. மறுபடி விரல், மறுபடி சுவர், மறுபடி காய். வர்க்கி நொறுங்கும் சத்தத்துக்கு அதன் நிமிர்ந்த காது மட்டும் எங்கள் பக்கம் திரும்பும்; காதுக்கு அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். அதட்டவில்லை, சங்கிலியை இழுக்கவில்லை. நாட்கள் போகப்போக விரல் தேவைப்படவில்லை, சாடையே போதுமாயிற்று. பிறகு சாடையும் தேவைப்படவில்லை. போசியின் மூடி திறந்ததும் சீசர் எழுந்து, உடம்பை நெளித்து, நேராகத் தார் மிஷின் பக்கம் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டு முதுகு பக்கத்தில் பக்கத்தில் தெரியும், ஒன்று அவளுடையது, ஒன்று அதனுடையது.

எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள். வாயை அடக்க முடியாது என்றதும் கண்ணைத் திருப்பிவிட்டாள். முதுகுக்கு எப்படித் துணுக்குப் போடுவது? யாரும் போடவில்லை. யாருக்கும் வயிறும் வலிக்கவில்லை. தினமும் முஷ்டிதான் வந்தது. நானும் செங்கோடனும் அவளைப் புகழ்ந்து தள்ளினோம். இந்த யோசனை இவளுக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மட்டும் என் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. கேட்டால், “சும்மா தோணுச்சுங்கண்ணா” என்று மழுப்பினாள்.

ஆயுத பூசை வந்தது. தறிகளைத் துடைத்துப் பொட்டு வைத்திருந்தோம். நாடாக்களையும் திருப்புளிகளையும் வாழையிலையில் வரிசையாக வைத்து, அதன் பக்கத்திலேயே அனுப்பவேண்டிய காடாத் துணியை அடுக்கிப் பூப்போட்டிருந்தது. வருஷத்தில் அன்று ஒரு நாள்தான் குடோனில் நாள் முழுக்க மனிதக் குரல் கேட்கும். வியாபாரிகள் வந்திருந்தார்கள். ராசாத்தாள் எல்லோருக்கும் சுண்டலும் கேசரியும் கச்சாயமும் தன் கையாலேயே பரிமாறினார். எதற்கும் இருக்கட்டும் என்று அண்ணன் லோடு வண்டியை மறுநாள் காலைக்குச் சொல்லி வைத்திருந்ததை நான் அறிவேன். மாசாணியக்காவும் அறிவாள்.

சீசர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. ஆனால் அன்றைக்குத் தறிச்சத்தம் இல்லை, புது ஆட்கள், நெய் வாசனை. அதன் முதுகு ஒரு நிலையில் இல்லை. ஈரோட்டு வியாபாரி, நாய்ப் பிரியர் போலிருக்கிறது, கை நிறையக் கேசரியை எடுத்து நீட்டி நாக்கைத் தட்டினார். சீசர் திரும்பிவிட்டது. எழுந்து நின்றது. அது ஒரு வாய் தின்றால் போதும், அரை மணியில் பூப்போட்ட துணிக்குப் பக்கத்தில் கதை முடிந்துவிடும். 

இலை எடுக்கப் போயிருந்த மாசாணியக்கா குடோனின் மறுகோடியிலிருந்து கையை உயர்த்தினாள். உள்ளங்கையைப் பக்கவாட்டில் நகர்த்தினாள். அவ்வளவுதான். சீசர் அந்தக் கையைப் பார்த்தது, கேசரியைப் பார்த்தது, மறுபடி கையைப் பார்த்தது. பிறகு மெல்லத் திரும்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

“அடேயப்பா! சர்க்கஸ்லகூட இப்படிப் பாத்ததில்லீங்களே. யாருங்க பழக்குனது?” என்றார் வியாபாரி.

ரங்கராஜ் அண்ணனின் மார்பு ஒரு சுற்று விரிந்தது. “நம்ம குடோன் ஆளுதானுங்க” என்றவர், மாசாணியக்கா பக்கம் திரும்பி எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார். “இது இனி எங்கயும் போக வேண்டாம் அம்மணி. இங்கயே இருக்கட்டும்.” நான் செங்கோடனுக்கு முஷ்டியைக் காட்டினேன். அவர் திருப்பிக் காட்டினார்.

ராசாத்தாளுக்கும் சந்தோஷம். மாசாணியக்காவின் இலையில் கச்சாயத்தை வைத்துக்கொண்டே, “ஏம்மாசாணி, நாயிக்கு இப்படியெல்லாம் பழக்கலாம்னு எங்க கத்துக்கிட்டே?” என்று கேட்டார்.

அவள் இலையோடு சுவர்ப்பக்கம் நடக்கத் தொடங்கினாள். மகிழ்ச்சியில் இருந்தாள், அதனால்தான் மழுப்பாமல் சொல்லிவிட்டாள் என்று நினைக்கிறேன். “எங்கம்மா எனக்குச் சொல்லிக் குடுத்ததுதானுங்க. தோட்டத்து ஊட்டுக் கொழந்தைக சாப்பிடறப்ப நான் வாசல்ல நின்னு வாயப் பாத்துட்டே இருப்பேனாமுங்க. ஒருக்கா அந்தப் பையனுக்கு வயித்த வலி வந்துருச்சு. மாசாணி பாத்துத்தான் வந்துச்சுன்னு சொல்லிப்போட்டாங்க. அதுக்கப்பறம் அந்தூட்டுல தட்டுச் சத்தம் கேட்டாலே எங்கம்மா என்ற தாவாயப் புடிச்சு அக்கட்டத் திருப்பி உட்டுருமுங்க. திரும்பி நின்னா வெல்லத் துணுக்கு ஒண்ணு குடுக்கும். இந்தச் சாமி கெட்டிக்காரச் சாமிங்க, சீக்கிரம் புடிச்சுக்குச்சு. நான்தான் நெம்ப அடம் புடிச்சேனாம்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, நாய்க்குப் பக்கத்தில் இலையைப் பிரித்தாள்.

 ராசாத்தாளின் கையில் அடுத்த இலைக்கு எடுத்த கச்சாயம் அப்படியே இருந்தது. எனக்கு முதலில் வந்தது கோபம். அந்தப் பையன் மேலும், வயிற்றுவலிக்குக் காரணம் கண்டுபிடித்த பெரியவர்கள் மேலும், பிள்ளையின் தாவாயைப் பிடித்துத் திருப்பிய அந்த அம்மாவின் மேலும், அவளுக்கு வேறு வழி இருந்திருக்காது என்று தெரிந்தும், கோபம். தினமும் அந்த முதுகைப் பார்த்துத் திமிர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இலையில் இருந்த சுண்டலை என்னால் தின்ன முடியவில்லை.

மறுநாள் டீ வந்ததும் நான் எழுந்து போய், “அக்கா, எங்களோட வந்து இக்கட்டத் திரும்பி உக்காருங்க” என்றேன். அவள் என் பேச்சைத் தட்டவில்லை. வந்தாள், உட்கார்ந்தாள். நாங்கள் எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தோம். டம்ளர் அவள் கையிலேயே இருந்தது. உதட்டுக்குப் போகவில்லை. கொஞ்ச நேரத்தில், “இருக்கட்டுங்கண்ணா, எனக்கு அங்கதான் சவுரியம்” என்று எழுந்து போய்விட்டாள். அதற்குமேல் நாங்கள் வற்புறுத்தவில்லை.

தை பிறந்தது. சீசர் நன்றாக வளர்ந்து தொடை கட்டியிருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, வயிறு தேறிவிட்டது, இனி விரல் நுனியளவு இதையும் அதையும் பழக்கலாம் என்றார். மாசாணியக்கா அன்றைக்கு வர்க்கியையும் டீயையும் எடுத்துக்கொண்டு வழக்கம்போல் மூலைக்குப் போனாள். சீசர் ஏற்கெனவே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. அவள் அதன் பக்கத்தில் உட்காரவில்லை. நாய்க்கும் சுவருக்கும் நடுவில் புகுந்து, சுவரில் முதுகைச் சாய்த்து, அதற்கு எதிரே உட்கார்ந்தாள்.

நாய்க்கு எதிரே என்றால் எங்களுக்கும் எதிரேதான்.

அவள் வர்க்கியைக் கடித்தாள். பழகிய நாயல்லவா, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவள் ஆள்காட்டி விரலை அதன் தாவாய்க்கு அடியில் கொடுத்தாள். மெதுவாகத் தன் பக்கம் திருப்பினாள்.

“இக்கட்டப் பாருங்க சாமி. என்னையப் பாருங்க. நான் திங்கறதப் பாருங்க. பாத்தா ஒண்ணும் ஆவாதுங்க.”

அது பார்த்தது. நிமிர்ந்த காதும் தொங்கிய காதுமாக, அவள் வாயையே பார்த்தது. அவள் அதன் கண்ணைப் பார்த்துக்கொண்டே வர்க்கியைத் தின்றாள். நடுவில் ஒரு துணுக்கை விரல் நுனியில் வைத்து அதற்கும் கொடுத்தாள். பிறகு தலையை நிமிர்த்தினாள்.

எங்கே பார்ப்பது என்று தெரியாமல் செங்கோடன் முகத்தைத் திருப்பப் போனார். நான் சட்டென்று கையைக் காட்டினேன், திரும்பாதீங்க என்று. தறி எதுவும் ஓடவில்லை, வாயாலேயே சொல்லியிருக்கலாம். அவர் திரும்பவில்லை, யாரும் திரும்பவில்லை. மாசாணியக்கா டம்ளரை எடுத்து, எங்களைப் பார்த்துக்கொண்டே டீயைக் குடித்தாள்.